பார்லாவின் நாலரைக் கிலோ

மலையேறி வேட்டையாடுகிறவருக்குத் துப்பாக்கி எத்தனை கிலோ இருந்தால் சரி? பள்ளி முடித்த கையோடு வேட்டை உரிமத் தேர்வுக்குப் போனபோது என்னிடம் கேட்டார்கள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் கிராபுண்டன் மலையில் பார்லா கதோனாவுக்கு நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

பார்லாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பால்பண்ணையில் பாலாடைக்கட்டி செய்கிறவள். உப்புநீரில் ஊறும் கனத்த கட்டிகளை நாள் முழுக்கத் திருப்பிப் போட்டே வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. ஆனாலும் செப்டம்பர் பிறந்தால் லீவு சொல்லிவிட்டு மலைக்குக் கிளம்பிவிடுவாள். கணவன் வரமாட்டான், ரத்தத்தைக் கண்டால் அவனுக்குத் தலை சுற்றும். கொழுந்தன் தூரிதான் துணை.

ஊரிலிருந்து வேட்டைக் குடிசை வரை நான்கு மணி நேரம் கால்நடையாக ஏற வேண்டும். பார்லாவின் பழைய துப்பாக்கி, மேலே பொருத்திய தொலைநோக்கியோடு சேர்த்து நாலரைக் கிலோ. தூரி புதிதாக வாங்கியது மூன்று கிலோகூட இல்லை. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போய் நின்றுகொண்டு, "என்ன அண்ணி, தண்டவாளத்தையா தூக்கிட்டு வர்றீங்க?" என்பான். இரண்டு வருடம் பொறுத்தாள். மூன்றாம் வருடம் அவனுடையதைப் போலவே ஒன்று வாங்கிவிட்டாள்.

கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். எங்கள் பக்கம் விரல் தடிமனுள்ள குண்டுதான் வழக்கம். இலேசான துப்பாக்கியில் அது பொல்லாத உதை உதைக்கும் என்று. பார்லாவின் மனம் முழுக்க அந்த ஏற்றம்தான் இருந்தது. ஆகஸ்டில் சுடுதளத்துக்குப் போய், மேசைமேல் சாய்த்து வைத்து நான்கு முறை சுட்டாள். நான்கும் வட்டத்துக்குள். ஐந்தாவதற்குத் தோள் இடம் கொடுக்கவில்லை. இது போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த வருடம் ஏறுவது சுகமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலை தூரி வேறு சரிவுக்குப் போயிருக்க, பார்லா தனியாக முகட்டைத் தொட்டு மூச்சு வாங்கி நிற்கும்போதே எதிர்ச் சரிவில் ஒரு கிடா மலையாடு தெரிந்தது. நூற்றைம்பது மீட்டர் இருக்கும். படுத்து, பையின்மேல் துப்பாக்கியை வைத்தாள். அவள் மூச்சோடு சேர்ந்து குழலும் ஏறி இறங்கியது. பழையது இப்படி ஆடாது. அதன் கனமே அதை அமர்த்தி வைக்கும். ஆடு போய்விடுமோ என்ற அவசரத்தில் விசையை அழுத்தினாள். உதை வரப்போகிறது என்று தோளுக்குத் தெரியும். அந்த நொடியில் கண் தானாக மூடிக்கொண்டது.

ஆடு விழவில்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போய் மறைந்தது.

காயம்பட்டதை அப்படியே விட்டுவிட்டு யாரும் இறங்கி வருவதில்லை. மோப்ப நாய் வைத்திருக்கும் ஜாகெனைப் போனில் அழைத்தாள். அவன் வந்து சேர்ந்தபின் மூன்று மணி நேரம் நாயின் பின்னால் நடந்தார்கள். பாறை இடுக்கில் அது இன்னும் உயிரோடு படுத்திருந்தது. ஜாகென்தான் சுட்டு முடித்தான். செத்த விலங்கின் வாயில் கடைசித் தீனியாக ஒரு பச்சைக் கிளையை வைப்பது வழக்கம். பார்லா கிளையை ஒடித்தாள்; வைக்கக் கை வரவில்லை.

"நீயே வச்சிடுப்பா. அடுத்த வருசம் நான் உரிமம் எடுக்கப்போறதில்ல," என்றாள்.

ஜாகென் கிளையை வாங்கி வைத்தான். அவள் களைத்திருப்பதைப் பார்த்து அவள் பையைத் தூக்கியவன் முனகினான். "என்னக்கா இது, அடுப்படியையே கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"

அந்த வார்த்தை பார்லாவை விடவில்லை. ஊருக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் பால்பண்ணைத் தராசில் ஏற்றினாள். பதினான்கு கிலோ. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். இரும்பு வாணலி, இரண்டு ஒயின் பாட்டில், தூரியின் மாற்றுச் செருப்பு, தூரியின் சீட்டுக்கட்டு, தூரிக்கு மட்டும் பிடித்த தடித்த மான் தொத்திறைச்சி. "உங்க பையில இடம் இருக்கே அண்ணி," என்று வருடா வருடம் அவன் செருகியவைதான் இவை எல்லாம். தனியாக நிறுத்துப் பார்த்தாள். ஐந்தரைக் கிலோ. குறைக்க வேண்டியதை விட்டுவிட்டு, குறைக்கக் கூடாததில் கைவைத்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. அந்த ஆட்டின் கால் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வசந்தம் வந்ததிலிருந்து பழைய துப்பாக்கியோடுதான் சுடுதளம் போனாள். மேசையைத் தொடவில்லை. பக்கத்து மேட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கி, மூச்சிரைக்கத் தரையில் விழுந்து சுட்டாள். கண் மூடாமல் தொடர்ந்து பத்துக் குண்டு சுட்ட அன்றைக்குத்தான் உரிமத்துக்கு எழுதிக்கொடுத்தாள்.

செப்டம்பரில் கிளம்பும்போது தூரியின் சாமான்கள் தூரியின் முதுகில் இருந்தன. அவன் முணுமுணுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே முகட்டில் ஐந்தாம் நாள் ஒரு கிடா நின்றது. பார்லா படுத்தாள், மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே விழுந்தது. இந்தமுறை கிளையை அவளே வைத்தாள்.

ஆட்டை அவள் முதுகில் கட்டிக்கொண்டதால் அவள் துப்பாக்கியைத் தூரி சுமக்க வேண்டியதாயிற்று. பாதி வழியில் அவன் நின்றுவிட்டான்.

"முடியல அண்ணி. கொஞ்சம் இறக்கி வச்சுக்கட்டுமா?"

"தண்டவாளம்தானே தம்பி. பேசாம நட."

வரும் செப்டம்பருக்குப் புதுத் துப்பாக்கி வாங்கப்போகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர் கடைக்குக் கிளம்புமுன் பார்லாவின் கதையைச் சொல்லிவிடுங்கள். முதலில் தம் பையை நிறுத்துப் பார்த்துவிட்டு, அவரும் இதை இன்னொருவருக்குச் சொல்லட்டும்.