சாயம் ஏற்றாத தோல்

போடியில் என் ஏலக்காய்க் கடைக்கு வருகிறவர்கள் பச்சைப் பசேலென்ற காயைத்தான் கேட்பார்கள். செல்போன் வந்த புதிதில் ஒரு பெண் வந்து, பச்சைச் சாயம் ஏற்றாத காயின் வெறும் தோலைக் கேட்டார். மதுரையில் ஆராய்ச்சி மாணவியாம். மெலிந்த உருவம். யோசிக்க நேர்ந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார்.

"தோலு எதுக்கும்மா?" என்றேன்.

"கிருமிக ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லித்தான் கூட்டாச் சேந்து உடம்பத் தாக்குதுண்ணே. தோல்ல இருக்க சத்து அந்தச் சேதியத் தடுக்குதான்னு பாக்குறேன்."

அப்போது என் மனைவிக்குக் காலில் சர்க்கரைப் புண். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எல்லாரும் அத வையி, இத வையின்னு சொல்றாக. இதையும் அரைச்சு வச்சுப் பாக்கவா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "வேணாண்ணே. நம்ம உடம்புச் செல்லு தாங்குமான்னு இன்னும் தெரியல. பாத்துட்டு நானே வந்து சொல்றேன்."

வேண்டாம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். தோலை வாங்கிப் போனவர் பிறகு வரவேயில்லை. காலை எடுத்தாகிவிட்டது. ஆனாலும் சீசன்தோறும் பழைய தோலைக் கொட்டிவிட்டுப் புதுத் தோலை ஒரு பையில் கட்டி வைக்கிறாள் என் மனைவி.

"இந்த வருசத் தோலு நல்ல வாசம். அந்தப் புள்ள வந்தா இதையே குடுங்க" என்கிறாள்.