இரண்டு பக்கத்துக்கு விரிந்த விரல்கள்

தேனியில் நான் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த இசை மாத இதழின் அலுவலகத்துக்கு, கூடலூரிலிருந்து ஒரு தவில்காரர் வந்தார். அறுபதைத் தொட்ட, நல்ல உயரமான மனிதர். பேசும்போதெல்லாம் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டே இருந்தார்.

அவரைப் பற்றிய கட்டுரை அடுத்த இதழில் வரவிருந்தது. புரட்டுகிறவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று, தவில்மேல் அவர் விரல்கள் பறப்பதுபோல் கலங்கித் தெரியும் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்து, 'மின்னல் விரல்கள்' என்று பெரிய எழுத்தில் தலைப்பும் போட்டிருந்தேன். பெருமையோடு கணினித் திரையைக் காட்டினேன்.

அவர் முகம் வெளிறியது.

"தம்பி, இத எடுக்கையில நான் வாசிக்கவே ஆரம்பிக்கலையே. தவில்மேல கையச் சும்மா வச்சிருந்தேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும், "வேற படம் வச்சிரலாம்யா" என்றேன் அவசரமாக.

"பாக்குறவுக என்ன நினைப்பாக?"

"வேகம்னுதான் நினைப்பாக. நானே அப்படித்தான் நினைச்சேன்."

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "அப்ப மாத்தாதீக. நடுக்கம்னு தெரிஞ்சா ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டாக."

படம் அப்படியே வந்தது. எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டினார்கள். கம்பத்திலிருந்து ஒரு கோயில்காரர் அழைத்து, "அந்த மின்னல் விரல்காரரு நம்பர் குடுங்க, திருவிழாவுக்கு வேணும்" என்றார். கொடுத்தேன்.

திருவிழாவன்று கம்பத்துக்குப் பேருந்து ஏறப் போனவன், ஏறாமலே திரும்பிவிட்டேன். அவர் எப்படி வாசித்தார் என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.