பத்துக் கதவுக்கு ஒரு கடிதம்

கேகாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். அங்குள்ள பிரதேச சபை அலுவலகத்தில், நகரம் எந்தப் பக்கம் வளரலாம், எந்தப் பக்கம் கூடாது என்று வரைபடம் போடும் பிரிவில் எனக்கு வேலை. வளரலாம் என்று நாங்கள் எழுதுவதற்கு முன்பே அது வளர்ந்திருக்கும். நாங்கள் அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவோம். கண்டி வீதியோரம் முழுக்கக் கடை, கடைக்குப் பின்னால் வீடு, அதற்குப் பின்னால் மேட்டை வெட்டி இன்னொரு வீடு. கடைசியில் நகரம் ஒரு ரப்பர்த் தோட்டத்து வேலியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

வேலிக்கு அப்பால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பிரா, அறைக்கு ஒன்றாகப் பத்துக் குடும்பம். நாலாவது காம்பிரா என் அக்காவினுடையது. அவளைக் கட்டிக் கொடுத்தது அங்கேதான்.

இது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. நான் புளத்கொகுபிட்டியப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், அதே மாதிரி ஒரு லயத்தில் பிறந்தவன். தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபிசுக்குத்தான் போகும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், யாருக்காவது ஞாபகம் வந்தால் கொடுப்பார்கள். அதற்குள் நேர்முகத் தேர்வு முடிந்துவிடும் என்று பயந்து, வேலைக்கு விண்ணப்பித்தபோது மாவனல்லையில் வாடகைக்கு இருந்த கடைமாடி விலாசத்தைக் கொடுத்தேன். அது நியாயம். வேலை கிடைத்த பிறகும் மாவனல்லைதான் என் ஊர் என்று சொல்லித் திரிந்தேனே, அதற்கு என்ன நியாயம்? சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, யாரும் சந்தேகப்படவில்லை. அக்காவைப் பார்க்க நான் தோட்டத்துக்குப் போவதில்லை. அவள்தான் பஸ் ஏறி என் அறைக்கு வருவாள். வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

புதிய பஸ் நிலையத்துக்கு ஒரு வீதி போடுவதென்று முடிவாகி, எங்கள் பிரிவின் மேலதிகாரியும் நானும் அளக்கப் போனோம். மேடம் நல்ல மனுஷி, எதையும் காது கொடுத்துக் கேட்பவர். வேலி தாண்டி லயத்துக்கு முன்னால் நின்றபோது அக்கா வாசலில் இருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. நான் கையிலிருந்த வரைபடத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்ற நினைப்பு.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "வாங்க மாத்தயா" என்று, யாரோ ஒரு சிங்கள ஐயாவைக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டு, இருவருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தாள்.

மேடம் என்னிடம் கேட்டார்: "இது தோட்டத்துக் கட்டடம்தானே? ஆட்சேபனை உண்டா என்று கேட்கும் கடிதம் தோட்ட ஆபிசுக்கு ஒன்று அனுப்பினால் போதுமா?"

போதாது. அந்தக் கடிதம் ஆபிஸ் மேசையிலேயே கிடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? பத்துக் கதவுக்கும் பத்துக் கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று மேடம் கேட்பார். அக்கா என் கிளாசை வாங்கக் கை நீட்டியபடி பக்கத்தில்தான் நின்றாள்.

"போதும் மேடம்" என்றேன்.

அன்று மாலை அக்கா போனில் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

வேலிக்கு இந்தப் பக்கம் நகரத்து வீடுகளுக்கெல்லாம் தனித்தனியாகக் கடிதம் போனது. அவர்கள் கூட்டமாக வந்து ஆட்சேபனை எழுதிக் கொடுத்தார்கள். கோட்டைக் கொஞ்சம் வளைத்தால் வீடுகள் தப்பும் என்று முடிவானது. வளைந்த கோடு லயத்தின் மேல் போனது. அந்தப் பக்கமிருந்து ஒரு ஆட்சேபனையும் வரவில்லையே! புதிய வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டவன் நான்தான். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை, நேர்த்தியாகத்தான் போட்டேன்.

வீதி போகும் இடத்தைக் காட்ட லயத்து வாசலில் மஞ்சள் கட்டை அடித்த மறுநாள் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். கூடவே அடுத்த காம்பிராப் பெண், என்னைப் பார்த்திராதவள். கவுன்டரில் நான் இருந்தேன்.

"எங்களுக்கு ஒரு துண்டுக் கடுதாசிகூட வரலீங்க. லயத்த ஒடச்சா புள்ளைங்கள வச்சிக்கிட்டு நாங்க எங்கிட்டுப் போறது? வேற எடம் தருவாங்கன்னாச்சும் எழுதியிருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

எழுதியிருக்கவில்லை. ஆட்சேபிக்க வேண்டிய நாள் முடிந்துவிட்டது என்றேன். அதையும் சிங்களத்தில் சொன்னேன், என் வாயில் மண்ணைப் போட. அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆபிசுக்குக் கடிதம் போட்டால் எங்கள் கைக்கு வருமா, இதுகூடத் தெரியாமலா இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டாள்.

அக்கா அவள் கையைப் பிடித்தாள். "விடுங்க மதினி. இந்த மாத்தயாவுக்குத் தோட்டத்தப் பத்தி என்னா தெரியும்? டவுன்ல பொறந்தவங்க. அவர ஏசி என்னா செய்ய, வாங்க போவோம்."

என் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போனாள். அவள் தெருவைக் கடந்து பஸ்ஸுக்கு நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. உள்ளே போய் மேடத்திடம் உண்மையைச் சொன்னால் அப்போதும் வழி இருந்தது. பிந்தி வரும் ஆட்சேபனைகளை அவர் முன்பும் ஏற்றிருக்கிறார்.

சத்தம் கேட்டு அவரே வெளியில் வந்தார். "யார் அவங்க? ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

"தோட்டத்து ஆட்கள் மேடம்" என்றேன். "ஒன்றும் இல்லை."