சாமிக்கண்ணு முடிந்துகொண்ட கடைவாய்ப் பல்

தனக்கொடி சோற்றுப் பானையை இறக்கிவிட்டு, அதே அடுப்பில் வெந்நீர்ச் சட்டியை ஏற்றிப் பல் பிடுங்கும் குறடுகளை உள்ளே போட்டாள். கொதித்ததும் எடுத்து வெளுத்த துணியில் சுற்றினாள். குறடு கொதிக்காமல் யார் வாயிலும் வைக்கக்கூடாது என்பது அவள் புருஷன் பலராமன் ரங்கூனில் படித்து வந்த பாடம்.

அங்கே ஒரு சீனப் பல் வைத்தியரிடம் வருஷக்கணக்கில் இருந்து தொழில் பழகியவன் அவன். அவர் கொடுத்த சான்றும் கையில் இருந்தது. ஆனால் வில்லியனூர் பிரெஞ்சுக்காரன் மண்; ரங்கூன் சான்று இங்கே எடுபடவில்லை. "என் கண்ணெதிரே ஒரு பல் எடுக்கட்டும். வேர் முறியாமல் வந்தால் அனுமதி" என்று புதுச்சேரி ஆசுபத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை சொல்லிவிட்டார். இல்லையென்றால் பலராமன் மறுபடி கப்பலேற வேண்டியதுதான்.

அன்று இருவரும் ஆசுபத்திரிக்குப் போனார்கள். கடைவாய்ப் பல் சொத்தையாகித் தவித்துக்கொண்டிருந்த வண்டிக்கார சாமிக்கண்ணுவும் கூட வந்தான். மரப்பு மருந்து தடவி, ஒரே இழுப்பில் பல்லை எடுத்துத் தட்டில் வைத்தான் பலராமன். துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் சாமிக்கண்ணு பல்லை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டு வெளியே பாய்ந்தான்.

"டேய், பல்லைக் குடுடா! அதைப் பாத்தாதான் கையெழுத்து!" என்று துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷ் நாகராஜன் வராந்தாவில் துரத்தினார்.

"மயிரு, நகம், பல்லு மூணையும் அடுத்தவன் கையில வுட்டா செய்வினை வெச்சிடுவான். தொரைக்கு இன்னாத்துக்குய்யா என் பல்லு? அவுரு வாயில இல்லியா?" என்றபடியே சாமிக்கண்ணு அதை ஆசுபத்திரிக் கிணற்றில் போட்டுவிட்டான்.

விஷயம் தெரிந்து துரை சிரித்தார். சிரித்தாலும் பேனாவை மூடிவிட்டார். பலராமன் முகம் செத்துப்போனது.

தனக்கொடி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கும் பின்பல்லு ஒண்ணு ஆறு மாசமா குடையுது. எடுங்க."

"சொல்லவே இல்லியே நீ? தொரைகிட்ட பல்லு போவுதே, பயமா இல்லியா?"

"ரங்கூன்காரன் உங்களையே அத்தினி வருசம் வெச்சிக்கினு இருந்தான். ஒரு பல்லுதான, தொரை வெச்சிக்கட்டும்."

பலராமன் மரப்பு மருந்து தடவி, துணியிலிருந்து இன்னொரு குறடை எடுத்தான்; உடனே கீழே வைக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு வாயைத் திறந்தாள். பல் கொஞ்சம் மல்லுக்கு நின்று, பிறகு வந்தது.

துரை அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வேரும் முழுசாக இருந்தன. பிரெஞ்சில் ஏதோ சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

"வில்லியனூர் கொம்யூன் எல்லைக்குள்ள மட்டும் தொழில் பண்ணலாமாம். டவுன்ல கூடாதாம்" என்றார் நாகராஜன்.

பலராமன் துரைக்குக் கும்பிடு போட மறந்து மனைவி பக்கம் குனிந்தான். "ரொம்ப வலிச்சுதா?"

தனக்கொடி பஞ்சைக் கடித்தபடி எழுந்தாள். முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, துரைக்குக் கும்பிடு போடச் சொல்லி அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு அறையைவிட்டு வெளியே நடந்தாள்.