சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தாழி

எங்கள் ஊரில் ஒரு மியூசியம் இருக்கிறது என்று சொன்னால் இன்றைக்கும் ஆபீசில் சிரிப்பார்கள். வல்லம் வடகால் பக்கம் கம்பெனிதானே இருக்கு, மியூசியம் எங்கே இருக்கு என்பார்கள். சிரிக்கட்டும். அவர்களெல்லாம் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையில் நின்று, கண்ணாடிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்த முதுமக்கள் தாழியை நான் தினமும் தொட்டுப் பார்த்து வளர்ந்தவள். அந்தத் திமிர் எனக்கு இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

கல்லு வூடு என்றுதான் ஊரில் அதற்குப் பெயர். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், ஒரு கூடமும் ஒரு வராண்டாவும். முன்பு இருந்த ஒரு தலைமையாசிரியர், கிணறு வெட்டும்போதும் ஏர் ஓட்டும்போதும் கிடைத்ததையெல்லாம் ஊராரிடம் கேட்டு வாங்கி அங்கே சேர்த்து வைத்தாராம். கற்கோடரிகள், இலை பதிந்த கல், பாதி உடைந்த நடுகல், நடுவில் என் இடுப்பு உயரத்துக்கு அந்தத் தாழி. செத்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை அது. வாய் ஒரு பக்கம் உடைந்திருக்கும். எங்கள் கொல்லையில் ஏர்முனை இடித்துக் கிடைத்ததாம். அதனால் மியூசியமே எங்கள் வீட்டுச் சொத்து என்கிற நினைப்பு எனக்கு. சாவியும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

நான் ஐந்தாவது படித்தபோது அந்த நினைப்புக்கு ஆபத்து வந்தது. மழை வந்தால் கூடம் ஒழுகியது. பார்க்க வருகிறவர்களை விட, கம்பெனி பஸ்ஸுக்காக வராண்டாவில் ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். பட்டணத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்து பார்ப்பார், பராமரிப்பு சரியில்லை என்றால் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தகவல் வந்தது. ஊரே கொதித்துப் போனது. கம்பெனிக்குன்னு நிலத்தைத்தான் எடுத்துக்கினாங்க, நிலத்துக்கு உள்ளே இருந்ததையும் எடுத்துக்கினு போவாங்களா என்று அம்மா கேட்டாள். ஊர்க் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள்.

எழுந்து நின்றது என் சித்தப்பாதான்.

"எனக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை குடுங்க. ஆடிட்டுக்கு ஆள் வந்தா இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும்."

சித்தப்பா கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருந்தார். முதலில் பிரஸ் மெஷினில். பிறகு தரம் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஏரியில் முதலை கடித்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார். எங்கள் ஏரியில் தவளைக்கே தண்ணீர் போதாது. இருந்தாலும் நம்பினோம். மற்றவர்களின் சித்தப்பாவை நாய்கூடக் கடித்ததில்லை என்பதில் எனக்குப் பெருமைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போது நினைத்தாலும் புல்லரிக்கிறது. கொத்தனார்கள் கூரை ஏறி ஓட்டை அடைத்தார்கள். பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பையன்கள், ஓவர்டைம் பார்த்தால் கிடைக்கிற காசை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். இது அவர்கள் ஊர்கூட இல்லை.

சித்தப்பா கூடத்தில் கம்பெனி மாதிரி ஒரு லைனே போட்டுவிட்டார். ஒருத்தர் பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும், அடுத்தவர் துணியால் துடைக்க வேண்டும், கடைசியில் உட்கார்ந்து அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவார். நல்லதென்றால் பச்சை. விரிசல், உடைசல், மூளி என்றால் சிவப்பு. பச்சையெல்லாம் அலமாரிக்குப் போனது. சிவப்பெல்லாம் கம்பெனியிலிருந்து யாரோ கொண்டுவந்த சிவப்பு ட்ரேக்களில் வராண்டாவுக்குப் போனது. குறையுள்ள பொருள் வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாது என்பது கம்பெனி சட்டமாம். நடுகல்லுக்குச் சிவப்பு. முனை போன கோடரிக்குச் சிவப்பு. தாழியின் உடைந்த வாயைச் சித்தப்பா ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிறகு அதற்கும் சிவப்பை ஒட்டினார்.

"டேய், அது நம்ம கொல்லையில கெடைச்சதுடா" என்றார் அப்பா.

"நம்மளுதுன்னா பாஸ் பண்ணிடுவாங்களா?" என்றார் சித்தப்பா. குரலில் ஒரு கடுப்பு இருந்தது.

மறுநாள் காலையில் சாவியோடு போன அம்மா போட்ட கூச்சல் பஸ் நிறுத்தம் வரை கேட்டது. வராண்டா காலி. ட்ரேயும் இல்லை, நடுகல்லும் இல்லை, தாழியும் இல்லை. அதிகாரியம்மா வருவது அடுத்த நாள்.

திருடன் வரவில்லை. காயலான் கடைக்காரர் வந்திருந்தார். சுற்றுவட்டாரப் பட்டறைகளில் கழிவு அள்ளுகிறவர் அவர். எங்கே சிவப்பு ட்ரே வெளியே இருக்கிறதோ அது அவருடையது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் ஊரைத் தாண்டிப் போகும்போது கண்ணில் பட்டது. குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது மியூசியத்தைக் காயலான் கடைக்கு இப்படி முறைப்படி போட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த திருநெல்வேலிப் பையன்கள் சாப்பிடக்கூட இல்லை. "ஏல, வண்டிய எடுல" என்று ஒருத்தன் கத்தினான். சித்தப்பா என்னை பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்குக் கிளம்பிய பெண்கள் அதே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு பின்னால் வந்தார்கள். சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தேதான் வந்தார்கள்.

"செகப்பு ட்ரேல வெச்சா நான் இன்னான்னு நெனைக்கறது?" என்று காயலான் கடைக்காரர் எங்கள்மேலேயே பாய்ந்தார். "இரும்பும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. அத்தினியும் மண்ணு. செவுத்தாண்ட கொட்டிட்டேன், போய்ப் பாருங்க."

சுவரோரம் செங்கல் துண்டும் ஓட்டாஞ்சில்லும் மலையாகக் கிடந்தன. யூனிபார்ம் கோட்டோடு பெண்கள் அதில் உட்கார்ந்து கையால் துழாவினார்கள். சிவப்பு ஸ்டிக்கர் இருந்ததால் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த மட்டுக்கும் அது உதவியது. நடுகல் கிடைத்தது. கோடரி கிடைத்தது. தாழி மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், கடைக்காரரின் மனைவி அதைக் கொல்லைப்புறத்தில் வைத்து, வைக்கோல் போட்டு, கோழியை அடைக்கு உட்கார வைத்திருந்தார். வாய் நல்லா பெருசா கீது, கோழிக்குத் தோதா இருக்கும்னு எடுத்தேன் என்றார். அது என்ன பானை என்று அப்பா சொன்னதும், ஐயையோ என்று அலறிக்கொண்டு தலைமுழுக ஓடினார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சித்தப்பா சிரிக்கவில்லை. தாழியின் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். மூன்று விரலுக்கு அது லேசில் வரவில்லை. நான் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டார். கன்னமெல்லாம் கண்ணீர். ட்ரேயை வெளியே வைத்ததற்குப் பெரியவர்கள் வழியெல்லாம் திட்டியதற்காக அழுகிறார் என்று நினைத்து, பாவமாக இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலமே எல்லாவற்றிலும் சிவப்பை உரித்துவிட்டுப் பச்சையை ஒட்டினார். உடைந்ததெல்லாம் முன் வரிசைக்கு வந்தது. தாழி கூடத்தின் நடுவில் நின்றது. மறுநாள் வந்த அதிகாரியம்மா நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாழியிடம் நின்றார். உடைந்த பானையில் ஏன் பச்சை என்று கேட்டார்.

"வாய்தான் ஒடைஞ்சிருக்கு மேடம். இன்னும் நிக்குது இல்ல?" என்றார் சித்தப்பா.

அந்தம்மா சிரித்துவிட்டார். பொருள்களின் மேல் இப்படி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று ஒரு திட்டு. இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை. ஊர் போட்ட விசில் சத்தத்தில் அந்த ஒழுகிய கூரை மறுபடியும் விரிசல் விட்டிருக்கும். நாங்கள் ஜெயித்துவிட்டோம். நான் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் தரையில் நடக்கவே இல்லை.

இன்று கல்லு வூட்டின் சாவி சித்தப்பாவின் இடுப்பில் இருக்கிறது. சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிறு தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாழியைக் காட்டுகிறார், முதலைக் கதையோடு. பல வருடம் கழித்து, அந்தத் திருநெல்வேலிப் பையன்களில் ஒருவர் குடும்பத்தோடு பார்க்க வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள்தான் கம்பெனியில் சித்தப்பாவைக் கூப்பிட்டு, இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி உனக்கு இங்கே வேலை இல்லை, மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், மாடியில் அவரிடம் மட்டும் சொல்லி அழுதாராம்.

அன்று அதிகாரியம்மாவின் ஜீப் போன பிறகு சித்தப்பாவும் நானும் கூடத்தில் தனியாக இருந்தோம். மிச்சமிருந்த ஒரு பச்சை ஸ்டிக்கரை என்னிடம் கொடுத்து, விரல் இல்லாத இடத்தைக் காட்டி, இங்க ஒட்டு கண்ணு என்றார். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். கோணலாகிவிடக் கூடாதே என்று நாக்கைத் துருத்திக்கொண்டு, பார்த்துப் பார்த்து ஒட்டினேன்.