கூடைக்குள் கூவிய செல்போன்

வடக்கனந்தலில் எங்கள் சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர் வாசலில் ஒரு மூங்கில் கூடையை வைத்தார். செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஆராதனை நேரத்தில் ஆண்டவரைத் தவிர வேறு நினைப்பு வரக்கூடாது என்பதில் அவர் அத்தனை கண்டிப்பு. பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய்ப் போனில் பேசிய ஒரு பெரியவரை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, டிராக்டர் கவிழ்ந்து வயிற்றில் அடிபட்ட அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றதால் மாமா இருந்தார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சபைக்குக் கிளம்பிவிட்டாள். "வூட்ல சுவத்தப் பாத்துக்கினு குந்தியிருக்கறதுக்கு, அங்க போயி ஆண்டவருகிட்ட கேக்கலாம்" என்றாள். தன் போனையும் கூடையில் போட்டாள்.

பாஸ்டர் முழங்காலில் நின்று அப்பாவுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சேவல் கூவியது. அம்மாவின் போனில் அப்பா விளையாட்டாக வைத்துக்கொடுத்த ரிங்டோன். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். எழப்போன என் கையை அம்மா இறுக்கிப் பிடித்தாள்.

"ஜெபம் முடியட்டும்."

"மாமாவாத்தாம்மா இருக்கும்."

"முடியட்டும்னு சொல்றேன் இல்ல."

கூவல் நின்றது. மறுபடியும் தொடங்கியது. பாஸ்டர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். எழுந்துபோய்க் கூடையிலிருந்து போனை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினார்.

"எடும்மா. ஆண்டவரு ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு. எதுவா இருந்தாலும் நாங்க எல்லாரும் கூட இருக்கோம்."

அம்மா கை நீட்டவில்லை. அவரே பட்டனை அழுத்தி அவள் காதோரம் பிடித்தார். மாமாவின் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, நல்லபடியா முடிஞ்சிடுச்சி. கண்ணு முழிச்சி உன்னத்தான் கேக்கறாரு."

அம்மா தரையில் கவிழ்ந்து அழுதாள். பாஸ்டர் மறுபடி முழங்காலிட்டு, "காப்பாற்றும்" என்று கேட்டுக்கொண்டிருந்த ஜெபத்தை "ஸ்தோத்திரம்" என்று முடித்தார்.

போன் அத்தனை தடவை கூவியும் அசையாத அம்மாவின் விசுவாசத்தைப் பள்ளிக்கூடத்தில் பல நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஆனால் கொளுத்துகிற சித்திரை வெயிலில், என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஏன் அப்படிச் சில்லிட்டுக் கிடந்தன என்பது மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை.