மார்க்குக்காரர் சூசையப்பன்

மரச்சட்டத்தில் இழுத்து அடித்த பட்டுத்துணியைக் கண்ணை மூடிக்கொண்டு கீழுதட்டால் தொட்டுப் பார்க்கிறார் சூசையப்பன். "இன்னும் காயலை. அழுதுக்கிட்டுதான் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அதைத் தேயிலை உலர்த்தும் அடுப்பின் பக்கம் சாய்த்து வைக்கிறார். விரலால் தொட்டால் தெரியாதா என்று கேட்டேன். "இந்த ஊர்ல விரல் எப்பவும் ஈரம்தான் ஐயா. உதடுதான் உள்ளதைச் சொல்லும்."

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கம்பவுண்டராக இருக்கும் என் நண்பரைப் பார்க்க நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போன ஆடியில் போனேன். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் விடிகாலையில் மலை சரிந்தது. கீழே போகும் பாதை அறுந்துபோய், பதினெட்டு நாள் அங்கேயே கிடந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் தினமும் பெட்டி அடைக்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வேன். மூடுபனி ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வரும். அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே சற்று உலாவும். எதிர் ஜன்னல் வழியாக வெளியே போகும். அது கடந்து போகும்வரை சூசையப்பன் கையை அப்படியே நிறுத்தி வைத்திருப்பார், தெருவில் வண்டிக்கு வழிவிட்டு நிற்பவரைப் போல.

தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க்கு போடுவது அவர் வேலை. தோட்டத்தின் பெயர், தூளின் தரம், எடை, நடுவில் பாய்கிற ஒரு மான். முன்பெல்லாம் தகரத்தில் எழுத்து வெட்டி, மேலே தூரிகையால் தட்டுவார்களாம். அதில் அவருக்குத் தீராத வருத்தம். "தகரத்துல வட்டம் வெட்ட முடியாதுய்யா. நடுவுல உள்ளது கீழ விழுந்துரும். விழாம இருக்க ரெண்டு பக்கமும் துண்டு விட்டுத்தான் வெட்டணும். மானுக்குக் கழுத்துல ஒரு வெட்டு, வயித்துல ஒரு வெட்டு. பாவம், அறுத்துப் போட்டாப்ல இருக்கும். பட்டுல அப்படி இல்லை. நடுவுல உள்ளது அந்தரத்துல நிக்கும்."

கொழும்பில் கடை விளம்பரத் துணி அச்சடிக்கிற ஒரு கொட்டகையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபோது இதைப் பழகியிருக்கிறார். மாதா கோயில் உபதேசியாரிடம் கேட்டு வாங்கிய மெழுகுவத்தித் துண்டுகள் எப்போதும் அவர் கோட்டுப் பையில் இருக்கும். அவற்றை உருக்கி, விளக்குக் கரியைக் கலந்து குச்சியாக உருட்டுவார். அந்தக் குச்சியால் பட்டின்மேல் படம் வரைவார். பிறகு தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையை நீர்க்கக் காய்ச்சிப் பட்டு முழுவதும் பூசுவார். அது காய்ந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் இருபுறமும் தேய்த்தால் மெழுகு கரைந்து போகும். மெழுகு இருந்த இடத்தில் மட்டும் பட்டின் இழைக் கண்கள் திறந்துகொள்ளும். சட்டத்தைப் பலகைமேல் வைத்து, பெயிண்டை ஊற்றி, ரப்பர் பதித்த கட்டையால் ஒரே இழுப்பு. திறந்த கண்கள் வழியாகப் பெயிண்டு இறங்கி, கீழே மான் பாயும். சட்டத்தைத் தூக்கும்போது ஒவ்வொரு முறையும், அது ஆயிரமாவது பெட்டியாக இருந்தாலும், மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

மலை சரிந்ததில், தொழிலாளர்கள் குடியிருக்கும் முதல் லயத்தின் கடைசி மூன்று வீடுகள் போய்விட்டன. மற்றவர்கள் எப்படியோ வெளியே ஓடி வந்துவிட்டார்கள். ராமுத்தாயின் மகள் பூமாரி மட்டும் வரவில்லை. பதினேழு வயதுப் பெண். ஒன்பது நாள் மண்ணைத் தோண்டியும் உடல் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் ராமுத்தாய் கொட்டகைக்கு வந்தாள். கம்பம் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்து, அவன் போன பிறகும் இங்கேயே கொழுந்து பறிப்பவள். வாசலிலேயே நின்றாள்.

"பதினாறாம் நாளு படையல் வைக்கணும்ண்ணே. ஒரு போட்டோ கெடையாது. ஒடம்பும் கெடைக்கல. வெறுஞ்செவுத்துக்கா வைக்கிறது? நீங்கதான் மான்லாம் போடுறீகளே, எம்புள்ளயப் போட்டுக் குடுங்க."

சூசையப்பன் கையிலிருந்த ரப்பர் கட்டையைக் கீழே வைத்தார். மனித முகத்தை அவர் வரைந்ததே இல்லை. பூமாரியையும் அவருக்குச் சரியாகத் தெரியாது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர், "உக்காரு தாயி" என்றார்.

கண் எப்படி இருக்கும் என்று கேட்டார். "கண்ணு... கண்ணு மாதிரிதாண்ணே" என்றாள். மூக்கு? அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்படி இல்ல" என்றாள். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அவர் வரைந்து, பூசி, காயவைத்து, மறுநாள் ஒரு தாளை இழுத்துக் காட்டினார். ராமுத்தாய் வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரோ ஒரு பொண்ணு."

வெந்நீரில் வச்சிரத்தைக் கரைத்து, பட்டைக் கழுவி, இன்னொரு முகம் போட்டார். அதுவும் வேறு யாரோ. மூன்றாவதைப் பார்த்ததும் ராமுத்தாய் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம்ண்ணே. நீங்க ஒண்ணொண்ணாக் காட்டக் காட்ட எம்புள்ள மொகம் எனக்கே கலைஞ்சு போகுது. கண்ண மூடுனா இந்தப் பொண்ணுகதான் வருதுக. போதும்."

அவள் போன பிறகு அந்த மூன்று தாள்களையும் அவர் அடுப்பில் போட்டார். அன்று பெட்டிகளுக்கு மார்க்கு விழவில்லை. "நான் அந்தப் பிள்ளையை ரெண்டாந்தடவை மண்ணுல போட்டுட்டேன்யா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

பதினான்காம் நாள் மழை விட்டது. பெண்கள் மறுபடி கொழுந்துக்கு இறங்கினார்கள். வேலைக்கு வராவிட்டால் பதிவேட்டில் பேர் வெட்டுவார்கள் என்று ராமுத்தாயும் வந்திருந்தாள். சூசையப்பன் கொட்டகையைப் பூட்டிவிட்டு மலைச்சரிவில் ஏறினார். நானும் கூடப் போனேன். பனிக்குள்ளிருந்து கூடைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, மறுபடி பனிக்குள் போயின. பெண்களின் முகம் எங்களுக்குத் தெரியவே இல்லை. ராமுத்தாய்க்கு முன்னால் தேயிலைச் செடி நிரையில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"பூமாரி எங்க நிப்பா தாயி?" என்று கேட்டார்.

"இங்கதாண்ணே, எனக்கு முன்னால. பத்து வயசுல கூட மாட எறங்குனா. ஏழு வருசமா அவ முதுகப் பாத்துக்கிட்டேதான் நான் நிரை ஏறுவேன்."

சூசையப்பன் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பிறகு, "அந்த முதுகு எப்படி இருக்கும்?" என்றார்.

ராமுத்தாய்க்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கூடைக் கயிறு தலையில் எந்த இடத்தில் படியும், தலைத்துண்டை எந்தப் பக்கம் முடிவாள், இடது தோள் எவ்வளவு இறங்கியிருக்கும், இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு எந்த ஓரத்தில் கிழிந்திருக்கும் என்று வரிசையாகச் சொன்னாள். "அட்டை கடிச்ச எடத்துல அரிக்கும் பாருங்க, அப்ப ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, இந்தக் கால் வெரலால அந்தக் கெண்டக்கால இப்படித் தேப்பா. கூட நெறைய கொழுந்து இருக்கும், ஒரு எல சிந்தாது." சொல்லிக்கொண்டே ஒற்றைக்காலில் நின்று காட்டினாள். அத்தனை நாட்களில் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அப்போதுதான் பார்த்தேன்.

அன்று மாலையே அவர் வரைந்து முடித்தார். மறுநாள் காலை முழுவதும் வச்சிரம் காயவில்லை. அடுப்பின் அருகே சட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார். பெட்டிக்குப் போடும் கறுப்பு டப்பாவை எடுத்துத் திறந்து, மூடி, ஓரமாக வைத்தார். "பெட்டிக்குப் போடுததைப் பிள்ளைக்குப் போட மனசில்லை" என்றார். லயத்துக் கூரைத் தகரத்துக்குப் பூசுகிற செம்மண் நிறப் பெயிண்டைக் குழைத்துக்கொண்டார். பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளைத் தாளில் ஒன்றைப் பலகைமேல் விரித்தார்.

பொழுது சாய்வதற்கு முன் ராமுத்தாய் வந்தாள். மறுநாள் படையல். அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் ரப்பர் கட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டத்தைத் தூக்கினார்.

கூடை சுமந்த ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்றாள். கொஞ்சம் பொறுத்தால் அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவாள் போல இருந்தது.

"ஏத்தா" என்றாள் ராமுத்தாய், மெதுவாக, முன்னால் போகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு கையை நீட்டி, கூடையின் அடியில் உள்ளங்கையை வைத்து, பாரத்தைத் தாங்கிக் கொடுப்பதுபோல் லேசாக மேலே ஏந்தினாள். ஈரப் பெயிண்டு அவள் கையில் ஒட்டியது. படத்தில் கூடையின் அடி சற்றே இழுபட்டது.

வேறொரு தாள் போட்டுத் தரவா என்று சூசையப்பன் கேட்டார். "இதுதாண்ணே எம்புள்ள" என்று தலையை ஆட்டிவிட்டு அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காயப்போடுவதற்கு அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருந்தது. அவர் அதில் மாட்டவில்லை. தாளின் மேல்மூலைகள் இரண்டையும் விரல்நுனியால் பிடித்து, ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த பனி தாளில் படாதபடி அதற்கு முதுகைக் காட்டி, கையைத் தூக்கியபடி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டார்.